வயதான ஆய்வகச் சுண்டெலி விசித்திரமாக நடந்துகொண்டால் அது மறதிநோயா?

கூடு கட்டுவதை நிறுத்திவிட்டு, கூண்டுக்குள் ஓயாமல் வட்டமடிக்கும் வயதான சுண்டெலிக்கு மறதிநோய் என்று சொல்லலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம், ஆனால் அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது.

மறதிநோயின் பரவலான வகையான அல்சைமர் நோய் சாதாரணச் சுண்டெலிக்குத் தானாக வருவதில்லை. மனிதர்களில் பரம்பரை அல்சைமரை உண்டாக்கும் மரபணு மாற்றங்களை அதற்குள் புகுத்தித்தான் மூளையில் அமிலாய்டு எனும் புரதப் படிவுகளை வரவழைக்கிறார்கள். ஓயாத அலைச்சல் இப்படி மரபணு மாற்றிய சில எலி வகைகளில் உண்டு.

கூடு கட்டும் சோதனை எளிமையானது, ஆனால் நிறையச் சொல்லும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ஏறக்குறைய 3 கிராம் எடையுள்ள அழுத்திய பஞ்சுச் சதுரத்தைக் கூண்டில் வைப்பார்கள். நலமான எலி இரவோடிரவாக அதைப் பிய்த்து, சுற்றுச்சுவர் எழுப்பி, கிண்ணம்போல் ஆக்கிவிடும். காலையில் 1 முதல் 5 வரை மதிப்பெண். பஞ்சு தொடப்படாமல் கிடந்தால் 1. நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸ் பழுதானால் இந்தத் திறன் குன்றும். உடல்நலம் கெட்டிருந்தாலும் பஞ்சு அப்படியேதான் கிடக்கும்.

நம்மை ஏமாற்றக்கூடிய இன்னொரு விஷயம் பார்வை. நரம்பியல் ஆய்வாளர் ரிச்சர்ட் மோரிஸ் 1981இல் விவரித்த நீர்ப்புதிர்ச் சோதனையில், சுற்றிலும் உள்ள அடையாளங்களைப் பார்த்து, நீருக்குள் மறைந்திருக்கும் மேடையை எலி கண்டுபிடிக்க வேண்டும். சில இனங்களில் விழித்திரையை அழிக்கும் மரபணு இருக்கிறது. குருட்டு எலியின் தடுமாற்றத்தை மறதிக் கணக்கில் எழுதுவது அந்த உயிருக்கும் ஆய்வுக்கும் இழைக்கும் அநீதி. பரவலாகப் பயன்படும் சி57பிஎல்/6 இனமோ வயதாக ஆகச் செவித்திறனை இழக்கிறது.

எனவே முதலில் கண், காது, பல், மூட்டு ஆகியவற்றைச் சோதியுங்கள். பிறகு மரபணு மாற்றப்படாத, அதே வயதுள்ள உடன்பிறப்புகளோடு ஒப்பிடுங்கள்.