மூலிகையில் வைரஸ் மருந்து கண்டுபிடிக்கப் போகிறேன் என்கிறாள், என்ன படிக்க வைப்பது?

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கொரோனா சமயத்தில் வீட்டில் கபசுரக் குடிநீர் காய்ச்சியதில் உங்கள் மகளுக்கு ஆரம்பித்த ஆசை, இப்போது பிளஸ் டூ முடிக்கும்போது இப்படி வந்து நிற்கிறது, உங்களுக்கோ இதெல்லாம் சோறு போடுமா என்று பயம். போடும். ஆனால் சீக்கிரம் போடாது.

சித்த மருத்துவம் படித்தால் நேராக இந்த ஆராய்ச்சிக்குப் போய்விடலாம் என்று யாரோ சொன்னார்களாம். பி.எஸ்.எம்.எஸ். என்கிற அந்தப் படிப்பு ஐந்தரை வருடம், நீட் எழுத வேண்டும், முடித்தால் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர். நல்ல படிப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் நிலவேம்பிலிருந்து ஆன்ட்ரோகிராஃபோலைடு என்கிற ஒரே ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அது செல்லுக்குள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறதா, இல்லை அந்த அளவில் செல்லையே சேர்த்துக் கொன்றுவிடுகிறதா என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பது வேறு வேலை. அதற்கு வேதியியல் பிடிக்க வேண்டும். பாப்பாவுக்குப் பிடிக்குமா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

அவளிடம் கீழாநெல்லிக் கதையைச் சொல்லிப் பாருங்கள். காமாலைக்கு அரைத்து மோரில் கலந்து கொடுப்போமே, அதேதான். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் என்கிற ஆராய்ச்சியாளரின் குழுவினர் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்கு அதன் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் அந்த வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது, மருந்தில்லாத வெறும் குளிகை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம்தான். 1988-இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்தது, பெரிய பரபரப்பு. அப்புறம் தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்து பார்த்தால் அந்தப் பலன் வரவில்லை. செடியின் வகை வேறா, மண்ணா, பறித்த பருவமா, முதல் ஆய்வில் இருந்ததே 60 பேர்தான் என்பதாலா என்று பல கேள்விகள். இதைக் கேட்டு "அப்போ நம் மருந்தைக் குறை சொல்கிறீர்களா" என்று கோபப்பட்டால் கொஞ்சம் பொறுங்கள். "ஏன் வரலை?" என்று துருவினால் சேர்த்துவிடுங்கள்.

ஜெயித்த கதையும் உண்டு. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவில் ஷிகிமிக் அமிலம் இருக்கிறது, அதைத் தொடக்கப்பொருளாக வைத்துப் பல படிகள் தாண்டிச் செய்ததுதான் ஃப்ளூ காய்ச்சலுக்கான ஒசெல்டாமிவிர், 1999-இல் அனுமதி பெற்றது. பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் ஃப்ளூ போகாது, இடையில் வேதியியலாளர்களின் உழைப்பு இருக்கிறது. பாப்பா அந்த இடையில்தான் வேலை செய்யப் போகிறாள்.

வழிக்கு வருவோம். என் ஓட்டு பி.ஃபார்முக்கு, அதாவது மருந்தாக்கம் பற்றிய பட்டப்படிப்புக்கு. நான்கு வருடம், நீட் தேவையில்லை, மூலிகைப் பொருள்களைப் பற்றி ஃபார்மகாக்னசி என்று தனிப் பாடமே உண்டு. கடைசி வருடம் ஜிபேட் என்கிற ஃபார்மசி மேற்படிப்புத் தேர்வை எழுதி, மொஹாலியில் நைப்பர் என்கிற மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனத்தில் இயற்கைப் பொருள்கள் துறைக்கு முயற்சி செய்யலாம். அது அமையாமல் போனாலும் மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு, டிரக் இன்ஸ்பெக்டர் தேர்வு என்று கையில் ஒரு பிழைப்பு இருக்கும். பி.எஸ்சி., எம்.எஸ்சி. வேதியியல் முடித்து ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதுவது இன்னொரு வழி, செலவு குறைவு, ஆனால் நடுவில் நின்றுவிட்டால் கைப்பிடி குறைவு. பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று லட்சக்கணக்கில் கட்டி பயோடெக்னாலஜியில் மட்டும் அவசரப்பட்டு சேர்க்காதீர்கள்.

பிஎச்.டி. வரை போனால் பாப்பாவுக்கு முப்பது வயது நெருங்கிவிடும், கல்யாணப் பேச்சு அதற்குள் பத்துத் தடவை வந்துவிடும், அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, ஆகவே அந்தக் காலத்தில் உங்களிடம் கை நீட்ட மாட்டாள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி எங்கே என்று கேளுங்கள். காட்டினால், மாணவர்களைத் தொட விடுவீர்களா என்றும் கேளுங்கள். உறை போட்டு மூடியே வைத்திருந்தால் அடுத்த கல்லூரிக்குக் கிளம்புங்கள்.