சிவா எங்கே போனார்?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பெருமாள்மலையைச் சேர்ந்த கல்லூரி மாணவன். கொடைக்கானலில் நடக்கவிருக்கும் பேச்சுப் போட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவைப் பற்றிப் பேச இருக்கிறேன். வாரந்தோறும் வத்தலக்குண்டில் பேருந்து மாறுகிறேன். அவர் பிறந்த ஊர் அது என்பது அண்மையில்தான் தெரிந்தது. பாரதி, வ.உ.சி. அளவுக்கு அவர் ஏன் பேசப்படுவதில்லை? சிறையில் ஆட்டு ரோமத்தைச் சுத்தம் செய்ததால்தான் அவருக்குத் தொழுநோய் வந்ததா? என் உரையை இணைத்துள்ளேன்.

அன்புள்ள தம்பிக்கு,

சிவாவைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நம் மலையடிவாரத்து மனிதரைப் பற்றி இந்த வயதில் பேச முன்வந்திருக்கிறீர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உரையைப் படித்த பிறகு கோபமும் வந்தது.

யார் அதிகம் பேசப்படுகிறார் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். தொழுநோய் கிருமியால் வருவது, ரோமத்தால் அல்ல. 1908இல் கைதான சிவா, 1912இல் நோயுற்ற உடலோடு விடுதலையானார் என்பது உண்மை. அதற்கு மேல் அதில் ஆராய எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் உரையில் முக்கால் பங்கு அவருடைய புண்களைப் பற்றியே இருக்கிறது. அவர் நடத்திய ‘ஞானபாநு’ பத்திரிகையை ஒரே வரியில் கடந்துவிடுகிறீர்கள். அவர் அதைத் தொடங்கிய 1913ஆம் ஆண்டு எப்படிப்பட்டது என்று யோசித்தீர்களா? 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்கலாம். அரசுக்குப் பிடிக்காத எழுத்து வந்தால் அந்தத் தொகையைப் பறிமுதல் செய்யலாம். இவரோ ராஜநிந்தனைக்காக, அதாவது அரசுக்கு எதிராகப் பேசியதற்காக, சிறை சென்று வந்தவர். இவருக்கு அடைக்கலம் கொடுத்ததற்காகவே நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்குத் தனியாக இன்னொரு ஆயுள் தண்டனை விதித்தார் என்றால், இவருடைய நாவைக் கண்டு அரசு எவ்வளவு அஞ்சியிருக்க வேண்டும்! அத்தகையவர், விடுதலையான மறு ஆண்டே பத்திரிகை தொடங்கி, தன் ‘இந்தியா’ பத்திரிகை நின்றுபோய்ப் புதுச்சேரியில் முடங்கியிருந்த பாரதிக்கு எழுத இடம் கொடுத்தார். வடமொழி கலவாத தமிழில் கட்டுரை எழுதுவோருக்கு 5 ரூபாய் பரிசு என்று 1915இல் அறிவித்ததும் இதே பத்திரிகையில்தான். சந்தா சேர்ப்பதும், காகிதக் கடனை அடைப்பதும், மெய்ப்புத் திருத்துவதும், அடுத்த இதழுக்கு விஷயம் தேடுவதும் என்று ஒரு பத்திரிகாசிரியனின் நாள் எப்படிப் போகும் என்பதைப் பத்திரிகை நடத்திய எவரும் சொல்வார்கள். அந்த வேலையைத்தான் அந்த உடம்போடு அவர் செய்தார். அதற்கு உங்களிடம் ஒரு வரிதானா?

சிறுவனாக இருந்தபோது வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் நான் கண்டது நினைவுக்கு வருகிறது. பண்ணைக்காட்டுக்குத் திரும்ப அப்பாவோடு பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். விரல்கள் மழுங்கிய ஒருவர் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே சில்லறையை இடுக்கிக்கொண்டு ஏறினார். நடத்துநர் அவரை இறங்கச் சொன்னார். அவர் மறுபேச்சில்லாமல் இறங்கி, மஞ்சள் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு காட்ரோடு பக்கமாக நடக்கத் தொடங்கினார். டம்டம் பாறை வரும்வரை வண்டியில் இருந்தவர்கள் அவருடைய நோயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த மனிதர் எங்கே போகப் புறப்பட்டார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் அப்பாவும் கேட்கவில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நீங்களும் சிவாவை அப்படித்தான் பார்த்திருக்கிறீர்கள், தம்பி. நோயைக் காரணம் காட்டி அவரை ரயிலில் ஏற விடவில்லை என்பதை உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள். கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் அவர் எதற்காக ஊர் ஊராகப் போனார் என்பதை எழுதவில்லை. மேடைகளில் பேசப் போனார். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்பப் பணம் திரட்டப் போனார். தருமபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் அதற்கு நிலம் தேடி, 1923இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸை அழைத்து வந்து அடிக்கல் நாட்டவும் வைத்தார். 1925 ஜூலை 23 அன்று அதே ஊரில் இறந்தபோது அவருக்கு 40 வயதுதான். கோயில் அப்போது முடிந்திருக்கவில்லை.

புண்களைப் பற்றிய பத்திகளை அடித்துவிட்டு, அந்த இடத்தில் பத்திரிகையையும் பயணங்களையும் எழுதுங்கள். திருத்திய படியைப் போட்டிக்கு முன்பே அனுப்பினால் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்.