பேட்டரியிலிருந்து போன ஆக்சிஜன் திரும்பி வருமா?

கேள்வி: சேலம் கோரிமேட்டில் வசிக்கிறேன். ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டில் கணக்கு வேலை. வாரம் இரண்டு முறை மின்சார ஸ்கூட்டரில் மேலே போய் வருகிறேன். வண்டி வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. 90 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 60-ஐத் தாண்டுவதில்லை. பேட்டரி என்.எம்.சி. வகை. "உள்ளே ஆக்சிஜன் போயிருக்கு, பல்ஸ் சார்ஜ் கொடுத்து ஏத்திட்டா பழையபடி ஓடும், 7,500 ரூபாய்" என்கிறார் ஒரு கடைக்காரர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். உங்கள் பேட்டரியின் நேர்முனை நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் மூன்றும் ஆக்சிஜனோடு சேர்ந்து அடுக்கடுக்காக அமைந்த ஆக்சைடு. நீங்கள் ஏறும் மலைப்பாதையையே நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் பாதை, லித்தியம் அயனிகள் வண்டிகள். சரிவில் நிற்கும் பாறைகள் நிக்கல், அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் மண் ஆக்சிஜன். சார்ஜ் ஏறும்போது லித்தியம் இங்கிருந்து எதிர்முனையான கிராஃபைட் பக்கம் போகிறது, ஸ்கூட்டர் ஓடும்போது திரும்பி வருகிறது. பேட்டரிக்குள் இருக்கும் செல்களை முழுச் சார்ஜான 4.2 வோல்ட் உச்சியிலேயே வைத்து, கூடவே சூடும் ஏறினால், மேற்பரப்பில் ஆக்சிஜன் கழன்று போகிறது. அது இருந்த இடம் காலியாகிறது. மழையில் மண் கரைந்ததும் பாறை உருண்டு ரோட்டில் விழுகிற மாதிரி, நிக்கல் நகர்ந்து லித்தியத்தின் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் லித்தியம் போய்வர வழி குறுகிவிடும்.

பல்ஸ் சார்ஜ் என்பது மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்துவது. அடைபட்ட ரோட்டில் வண்டிகளை விட்டு விட்டு அனுப்புகிற மாதிரி. அதனால் பாறை மேலே ஏறாது. போன ஆக்சிஜனும் செல்லுக்குள் காத்துக்கொண்டிருக்கவில்லை. செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவத்தோடு வினைபுரிந்து பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாக மாறியிருக்கும். செல்லை உடைத்து, நேர்முனைப் பொடியைப் பிரித்து, லித்தியம் சேர்த்து, 700, 800 டிகிரி உலையில் ஆக்சிஜன் ஓட்டத்தில் சுட்டால் அமைப்பைத் திரும்பக் கொண்டுவரலாம். அது ஆய்வுக்கூட வேலை. கூடவே, தேய்மானத்துக்கு ஆக்சிஜன் மட்டும் காரணம் இல்லை. கிராஃபைட் மேல் படியும் படலத்தில் லித்தியம் சிக்கிக்கொள்வதற்கும் பெரிய பங்கு உண்டு. அதையும் பல்ஸ் மீட்டுத் தராது.

பல்ஸ் பலிக்கவில்லை என்றதும் அடுத்த பேச்சு வரும்: "செல் மாத்திடலாம்." இங்கேதான் கவனம் வேண்டும். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இப்படி மாற்றிய பேட்டரியைத் திறந்து பார்த்தேன். பழைய லேப்டாப் செல்களுக்குப் புது உறை போட்டு அடுக்கியிருந்தார்கள். 18650 என்கிற அந்த உருளை வடிவ செல்லில் பொதுவாகக் கிடைக்கும் உச்சத் திறனே ஏறக்குறைய 3,600 மில்லி ஆம்பியர்-ஹவர்தான். உறையில் 6,000, 9,900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். போர்டை "பைபாஸ் பண்ணித் தரேன்" என்பவரிடம் வண்டியையே விடாதீர்கள். அந்த போர்டுதான் செல் 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறது. தாண்டினால் ஆக்சிஜன் வேகமாக வெளியேறும், எலக்ட்ரோலைட் என்ற எரிபொருளும் உள்ளேயே இருக்கிறது, தீ பிடிக்கக்கூடும்.

பேட்டரி உண்மையில் தேயாமலே கிலோமீட்டர் குறைவதும் உண்டு. அதைப் பார்க்காமல் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். 14 செல் வரிசை கொண்ட பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசை மட்டும் பின்தங்கினால், மற்ற 13-இல் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே பி.எம்.எஸ். வண்டியை நிறுத்திவிடும். ஏற்றும்போது ஒரு வரிசை முந்தினாலும் இதே கதை, மற்றவை நிறையும் முன்பே சார்ஜ் நின்றுவிடும். வரிசைகளைச் சமன்செய்யும் மின்னோட்டம் மிகச் சிறியது. பல வண்டிகளில் பேட்டரி முழுதாக நிறையும் நேரத்தில்தான் அது வேலை செய்யும். 80 சதவீதத்திலேயே பிளக்கைப் பிடுங்குகிறவர்களுக்குச் சமன்செய்தல் நடப்பதே இல்லை. ஆகவே, பேட்டரி உப்பாமல், வாடை வராமல் இருந்தால், காலைக் குளிர்ச்சியில் கம்பெனி சார்ஜரில் 100 வரை ஏற்றி, மேலும் இரண்டு மூன்று மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள். வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மூன்று தடவை செய்தும் 60-தான் என்றால், ஒரு வரிசை பழுதாகியிருக்கலாம் அல்லது மொத்தமும் தேய்ந்திருக்கலாம். உப்பியிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், சார்ஜும் போடாதீர்கள்.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் எண் பெரும்பாலும் பி.எம்.எஸ்.ஸிலேயே இருக்கிறது. பேட்டரியின் மீதத் திறன் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது. சர்வீஸ் சென்டரில் கணினியை மாட்டினால் தெரியும். ஆனால் தரமாட்டார்கள். என் வண்டிக்குக் கேட்டபோது மூன்று முறை அலையவிட்டு, "பேட்டரி ஓகே" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வண்டி என் பெயரில் இருக்கிறது, அதன் எண் எனக்குத் தெரியக் கூடாதா? பார்க்காமலே புது பேட்டரிக்கு விலை சொல்கிறார்கள். இந்த மூடுமந்திரம் இருக்கிற வரை பல்ஸ் கடைக்காரர்களுக்குக் கூட்டம் குறையாது. நீங்கள் எழுத்தில் கேளுங்கள், வாரண்டி அட்டையில் வருடம், கிலோமீட்டர், குறைந்தபட்சத் திறன் மூன்றையும் பாருங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவரை பேட்டரி சீலை யாரும் தொடக் கூடாது.

ஏற்காட்டுக் குளிர் உங்கள் பேட்டரியைக் கெடுக்காது, சேலம் வெயில்தான் கெடுக்கும். நிழலில் நிறுத்துங்கள். மற்ற நாட்களில் 80 போதும், மாதம் ஒரு முறை முழுச் சார்ஜ். மலை ஏறும் நாளில் கிளம்புவதற்குச் சற்று முன்பு 100 நிரம்பும்படி ஏற்றுங்கள், முந்தின இரவே நிரப்பி வைக்காதீர்கள். மேலே போனதும் சூடான பேட்டரியில் சார்ஜரைச் செருகாமல் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். அங்கே முழுதாகவும் நிரப்பாதீர்கள். நிரம்பிய பேட்டரியில் இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது, மோட்டார் பிரேக் பிடிக்காது, 20 கொண்டை ஊசி வளைவையும் கைபிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டியிருக்கும்.