முதலீட்டுக்குச் சொத்து வாங்கும்போது பேரம் பேசும் திறமையை வளர்த்துக்கொள்வது எப்படி?

வாடகை வருமானத்துக்காக இடம் தேடுகிறீர்கள், கணக்கெல்லாம் பக்காவாகப் போட்டுவிடுகிறீர்கள், ஆனால் விற்பவர் எதிரே உட்கார்ந்ததும் வாயடைத்துப்போய் அவர் சொன்ன விலைக்கே தலையாட்டிவிடுகிறீர்கள். இதுதானே கேள்வி? பேச்சுத் திறமைக்கு ஏதாவது வகுப்பில் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வகுப்பெல்லாம் வேண்டாம். எனக்காகவும் நண்பர்களுக்காகவும் இப்படிப்பட்ட பேச்சுகளில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். சரளமாகப் பேசுபவர்தான் பெரும்பாலும் அதிகம் கொடுத்துவிட்டு எழுந்து போகிறார். தன் அவசரம், வங்கி தனக்கு எவ்வளவு கடன் தரும், இடம் தனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது, எல்லாவற்றையும் அவரே கொட்டிவிடுவார். இங்கே உங்கள் வேலை விற்பவரைப் பேசவைப்பது. அந்த இடத்தைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும், உங்களுக்கு ஒருமுறை சுற்றிப் பார்த்த அளவுதான் தெரியும். அந்த இடைவெளி குறைந்தால்தான் விலை அசையும்.

"ஏன் விற்கிறீங்க?" என்று நேராகக் கேட்டால் எல்லாரும் தயாராக வைத்திருக்கும் பதில்தான் வரும். நான் கேட்பது வேறு மாதிரி. "இது கைமாறினதும் அடுத்து என்ன யோசனை வெச்சிருக்கீங்க?" "எந்த மாசத்துக்குள்ள முடிஞ்சா உங்களுக்கு வசதி?" "இதுக்கு முன்னாடி யாராவது பேசிட்டு விட்டுட்டாங்களா, எதனால?" இதில் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் பத்திரத்தில் உள்ள சிக்கலோ, பங்காளிகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுப்பதோ அதற்கான பதிலில்தான் தலைகாட்டும். குடியிருப்பவரோடு சேர்த்து விற்கும் இடமென்றால் இன்னொன்று: "குடியிருக்கறவங்க கடைசியா எதுக்கு உங்களுக்கு போன் பண்ணாங்க?" வாடகை ஒழுங்காக வருகிறதா என்று கேட்டால் "ஒழுங்கா வருது" என்று முடித்துவிடுவார். போன் எதற்கு வந்தது என்று கேட்டால் குழாய் அடைப்பு, மழைக்கு ஒழுகும் சுவர், பக்கத்து வீட்டுத் தகராறு எல்லாம் வரிசையாக வரும்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். எதிராளி யோசிக்கும்போது நமக்குப் பதற்றமாகி, கேள்விக்கு நாமே பதிலும் எடுத்துக் கொடுத்துவிடுவோம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜாரெட் கர்ஹன் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பேரத்தின் நடுவே 3 வினாடிக்கு மேல் நீளும் மௌனம் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். மௌனமாக இருந்தவர் எதிராளியை மிரட்டி ஜெயிக்கவில்லை. 'எனக்கு லாபம் என்றால் அவருக்கு நஷ்டம்' என்ற நினைப்பிலிருந்து விலகி நிதானமாக யோசிக்க ஆரம்பித்தார், இரண்டு பேருக்கும் சேர்ந்து கிடைத்தது கூடியது. வாய் அடைத்துப்போகிறது என்று நீங்கள் வருத்தப்படும் அந்த இடத்தில் அப்படியே இருங்கள். தலையை மட்டும் ஆட்டாதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் சேர்ந்து கூடுவது என்றால் எப்படி என்று ஒரு உதாரணம். கணக்கு எளிதாக இருக்க விற்பவர் சொன்ன விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 90-இல் நின்றேன், அவர் 97-க்குக் கீழே இறங்கவில்லை. பேச்சு முறிகிற மாதிரிதான் இருந்தது. விலையை அப்படியே விட்டுவிட்டு, "எப்போ காலி பண்றதா இருக்கீங்க?" என்றேன். அவர் மனைவி உள்ளே இருந்து வந்து, "பசங்களுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் எங்கயும் நகர முடியாது. நடுவுல ஒரு வாடகை வீடு பார்த்து, சாமானையெல்லாம் ரெண்டு தடவை ஏத்தி இறக்கணுமேன்னுதான் யோசனையா இருக்கு" என்றார். என் விலைக்கு மேல் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி அந்த இரண்டு தடவை ஏற்றி இறக்கும் செலவும் அலைச்சலும்தான். "பத்திரம் முடிஞ்ச பிறகும் பரீட்சை வரைக்கும் நீங்களே இருங்க, வாடகை வேண்டாம், தேதியை மட்டும் ஒப்பந்தத்துல எழுதிக்கலாம்" என்றேன். 92-க்கு முடிந்தது. நான் விட்டுக்கொடுத்த வாடகை அந்தக் கணக்கில் ஒன்றுகூட வராது. இப்படி ஒரு விஷயம் வெளியே வந்தது என் பேச்சால் இல்லை, விலையை விட்டு வேறு எதையோ கேட்டதால்.

முன்பணம் எவ்வளவு, மீதியை எப்போது தருவது, சாமான்களில் எதை விட்டுப்போகிறார்கள், பழுதுபார்க்கும் செலவு யாருடையது, குடியிருப்பவரின் வைப்புத்தொகை யார் கணக்கில் வரும் என்று பேச எத்தனையோ இருக்கின்றன. இவற்றை விலைக்கு முன்னால் பேசிவிடுங்கள். விலை முடிந்தபிறகு இவை ஒவ்வொன்றும் "அதான் பேசி முடிச்சாச்சே" என்று அடிபட்டுப் போகும்.

சரி, விலைக்கு வருவோம். யார் முதலில் சொல்வது? 'முதலில் வாயைத் திறந்தவன் தோற்றான்' என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சொத்து விஷயத்தில் பெரும்பாலும் விளம்பரத்திலேயே விலை வந்துவிடுகிறது, அதாவது விற்பவர் ஏற்கெனவே முதலில் சொல்லிவிட்டார். அந்த எண் நம் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 1987-இல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரே வீட்டை வீட்டுத் தரகர்கள் பலருக்குக் காட்டி மதிப்புப் போடச் சொன்னார்கள். தகவல் தாள் எல்லாருக்கும் ஒன்றுதான், விற்பவர் கேட்கும் விலையை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கேட்ட விலை அதிகமாக இருந்த தாளைப் பார்த்தவர்கள் மதிப்பையும் அதிகமாகப் போட்டார்கள். அந்த விலையைப் பார்த்துத்தான் போட்டீர்களா என்று விசாரித்தால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. தொழிலே அதுவாக இருப்பவர்களுக்கே அந்தக் கதி.

ஆகவே வீட்டுக்குப் போகும் முன்பே, வாடகை எவ்வளவு வரும், பராமரிப்பு, வரி, காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் கழித்து எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்து, உங்கள் உச்ச விலையை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நினைத்துக்கொண்டால் போதாது, நினைப்பு மேஜையில் நகரும். கலின்ஸ்கி, முஸ்வைலர் என்ற இரு உளவியலாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, முதலில் விலை சொன்னவருக்குச் சாதகம் இருப்பதைக் காட்டியது. கூடவே, எதிராளி தன் இலக்கை மனதில் நிறுத்திக்கொண்டால் அந்தச் சாதகம் கரைந்துபோவதையும் காட்டியது. தாள் எதற்கு என்றால் அதற்குத்தான்.

விலை சொல்லும்போது காரணத்தோடு சொல்லுங்கள். "90-க்குக் குடுங்க" என்றால் அவர் "95" என்பார், ஏலம் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். "வாடகை இவ்வளவு வருது, மாடி ஒழுகலைச் சரிபண்ண இவ்வளவு கேட்கறாங்க, இதோ எஸ்டிமேட், அதெல்லாம் போக 88.5 வரைக்கும் எனக்குக் கட்டுப்படியாகும்" என்றால் அவர் எண்ணோடு மோதுவதற்கு முன் காரணத்தோடு மோத வேண்டும். முழு எண்ணைவிடக் கொஞ்சம் உடைந்த எண் எதிராளியை அதிகம் கட்டிப்போடுகிறது என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாலியா மேசன் குழுவினர் 2013-இல் எழுதினார்கள். கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார் என்ற எண்ணம் வருகிறதாம். அதற்காக 88.4637 என்று போய் நிற்காதீர்கள். அளவுக்கு மீறித் துல்லியமாகச் சொன்னால் விஷயம் தெரிந்தவர்களிடம் எடுபடுவதில்லை என்று 2016-இல் வேறொரு குழு காட்டிவிட்டது.

குறை சொல்வதில் ஒரு பக்குவம் வேண்டும். விலையைக் குறைக்க வீட்டையே மட்டம் தட்டுவது பலரின் பழக்கம். ஒரு நண்பருக்காகப் பக்கத்தில் இருந்தேன், அவர் அடுப்படியைப் பார்த்துவிட்டு, "இதை முதல்ல இடிச்சுத் தள்ளணும்" என்றார். அந்த அடுப்படியை ஆசை ஆசையாகக் கட்டிய அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த விலைக்கும் சரியான பதில் வரவில்லை. ஈரம் இருந்தால் "இந்தச் சுவர்ல ஈரம் தெரியுது, எப்பலேருந்து?" என்று கேட்டாலே போதும். குறையும் சொன்னதாகும், பதிலும் கிடைக்கும். அதேபோல "இங்க ஒரு தடுப்பு போட்டா ரெண்டு போர்ஷனா விடலாம்" என்று வீட்டுக்குள்ளேயே திட்டம் போடாதீர்கள். வெளியே வந்து, தெருமுனை தாண்டிப் பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வாங்கிய விலைக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பவர். இவரிடம் 'சந்தை விழுந்துவிட்டது' என்று வாதாடி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. பாஸ்டனில் 1990-களில் விற்ற அடுக்குமாடி வீடுகளை ஜெனிசோவ், மேயர் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். நஷ்டத்தில் விற்க வேண்டியிருந்தவர்கள், அந்த நஷ்டத் தொகையில் 25 முதல் 35 சதவீதம் வரை விலையில் ஏற்றிச் சொன்னார்கள். கையில் கூடுதலாகக் கிடைத்தது அதே நஷ்டத்தில் 3 முதல் 18 சதவீதம்தான், வீடும் விலைபோகாமல் நாள் கணக்கில் நின்றது. வலி உண்மையான வலி. இவர்களிடம் "விலையை நீங்க சொல்லுங்க, நிபந்தனையை நான் சொல்றேன்" என்று பேசிப் பாருங்கள். அவர் கேட்கும் எண்ணையே தாளில் எழுதிக்கொண்டு, மீதித் தொகையைத் தவணையாகத் தருவது, பழுதெல்லாம் அவர் செலவில் முடிப்பது என்று கணக்கைச் சரிக்கட்டலாம். சரிக்கட்ட முடியாத இடங்களும் உண்டு, அங்கே கைகுலுக்கிவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

தரகர்களைப் பற்றி. நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் காரியம் முடிந்தால்தான் கூலி. லெவிட், சிவர்சன் என்ற பொருளியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட சிகாகோ பகுதி ஆய்வில், தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது வாடிக்கையாளரின் வீட்டைவிட ஏறத்தாழ 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருக்கிறார்கள். அடுத்தவர் வீடு என்றால் சீக்கிரம் முடிக்கத்தான் மனம் போகும். அதனால் உங்கள் உச்ச விலையைத் தரகரிடம் சொல்லாதீர்கள், "சும்மா எனக்கு மட்டும் சொல்லுங்க" என்றாலும் சொல்லாதீர்கள். விற்பவர் காதுக்குப் போனால் பரவாயில்லை என்பதை மட்டும் அவரிடம் பேசுங்கள். போய்ச் சேர வேண்டிய சேதி இருந்தால் இதைவிட நல்ல வழியும் இல்லை: "அந்தத் தேதிக்குள்ள முடியலைன்னா அவர் அடுத்த இடத்துக்குப் போயிடுவார் போல" என்று அவர் வாயால் போவது உங்கள் வாயால் போவதைவிட எடுபடும். அந்த அடுத்த இடம் உண்மையாகவே இருக்க வேண்டும். இல்லாத போட்டியாளர், இல்லாத வேறு வீடு என்று புளுகாதீர்கள். சொத்துப் பேச்சு கைகுலுக்கலோடு முடிவதில்லை. ஆவணம் பார்ப்பது, கடன் கிடைப்பது, பதிவு என்று வாரக்கணக்கில் அதே மனிதரோடு ஓட்ட வேண்டும். நடுவில் பொய் வெளிப்பட்டால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் அலையவிடுவார்.

அப்புறம், கூச்சத்துக்கு நான் கண்ட மருந்தும் அந்த அடுத்த இடம்தான். பேச்சு முறிந்தால் உங்களுக்கு என்ன வழி என்பதை முதலில் தயார் செய்துகொண்டு போ என்று ஹார்வர்டில் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-இலேயே சொல்லிவிட்டார்கள். ஒரே இடத்தைப் பார்த்து மனதைக் கொடுத்துவிட்டால் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது. இன்னொரு இடம் கைவசம் இருந்தால் குரல் தானாகவே நிதானமாகிவிடும்.

"கடைசியா என்ன சொல்றீங்க?" என்று எடுத்ததும் கேட்காதீர்கள். அவர் ஒரு எண் சொல்லிவிடுவார், அப்புறம் அதிலிருந்து இறங்குவது அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும். உங்களிடம் அதைக் கேட்டால் "இன்னும் ரெண்டு விஷயம் தெரிஞ்சதும் சொல்றேன்" என்று நழுவிக்கொள்ளலாம். "பாதிக்குப் பாதி போய்க்கலாமே" என்பார்கள், அதற்கும் உடனே சரி என்று சொல்ல வேண்டாம். 100 சொன்னவர் 110 சொல்லியிருந்தால் அந்தப் பாதியே வேறு. ஏற்றும்போது ஏற்றத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போங்கள், முதலில் 3, அப்புறம் 1.5, அப்புறம் அரை. எல்லை நெருங்குகிறது என்பது சொல்லாமலே புரியும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பதிலுக்கு ஒன்று கேளுங்கள், சின்னதாக இருந்தாலும்.

பேசியதை அன்று மாலையே எழுதி அனுப்பிவிடுவது என் வழக்கம். "இன்று பேசியபடி: விலை இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, காலி செய்யும் தேதி இது, மாடி ஒழுகலைப் பதிவுக்கு முன் சரிசெய்து தருகிறீர்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்." இவ்வளவுதான். முறையாக எழுதும் ஒப்பந்தத்துக்கு இது ஈடாகாது, ஆனால் "நான் அப்படிச் சொல்லலையே" என்ற பேச்சு வராது. விலையைப் பேசுவதை மட்டும் மெசேஜில் வைத்துக்கொள்ளாதீர்கள், அது நேரிலோ போனிலோதான். எழுத்தில் "முடியாது" என்பது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும், குரலில் அதே சொல்லுக்குக் கொஞ்சம் இடம் இருக்கும்.

பயிற்சி வேண்டுமென்றால், வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து உங்கள் விலையையும் காரணத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடித்ததும் "...ஆனா பேசிக்கலாம்" என்று ஒரு வால் சேர்க்கிறீர்களா என்று அவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சேர்ப்பீர்கள். அந்த வாலைக் கேட்டதுமே விற்பவருக்கு உங்கள் எண் உண்மையில்லை என்று தெரிந்துவிடும். அது போகும்வரை சொல்லிப் பாருங்கள். துணைக்கு யாரையாவது அழைத்துப்போவதாக இருந்தால் விலையைப் பற்றி யார் பேசுவது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றவர் சுவர், குழாய், அக்கம்பக்கம் என்று கேட்டுக்கொண்டிருக்கட்டும்.