இரண்டாவது ஹார்டு டிஸ்க் மாட்டிய பிறகு: கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டாவது டிஸ்க் பற்றியவை. பழைய சிஸ்டத்தில் இடம் போதாமல் புது டிஸ்க் வாங்கி மாட்டுகிறீர்கள், நல்லது. ஆனால் எழுதும்போது மதர்போர்டு மாடல், விண்டோஸ் எந்தப் பதிப்பு, திரையில் என்ன எழுத்து வந்தது, இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். இவை இல்லாத கடிதத்துக்கு ஊகத்தில்தான் பதில் சொல்ல முடியும்.

புது 2 டெரா டிஸ்க் மாட்டினேன். பயாஸில் பெயர் தெரிகிறது, ‘திஸ் பிசி’யில் வரவே இல்லை. கடையில் திருப்பிக் கொடுத்துவிடவா? — ஈரோடு

வேண்டாம். பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் வரும் போர்டின் அமைப்புத் திரையில்) தெரிந்தால் டிஸ்க்கும் கேபிளும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். புது டிஸ்க்கில் பார்ட்டிஷன் (பிரித்து வைத்த பகுதி) எதுவும் இருக்காது, அதனால்தான் டிரைவ் எழுத்து வரவில்லை. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். இனிஷியலைஸ் (டிஸ்க்கைப் பயன்படுத்தத் தயார் செய்வது) செய்யச் சொல்லிக் கேட்கும், பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் முறையாக ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் கறுப்புப் பட்டையாகத் தெரியும் இடத்தில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், ஃபார்மட் வகை என்டிஎஃப்எஸ். ஐந்து நிமிட வேலை.

ஒரு எச்சரிக்கை. இது புது டிஸ்க்குக்கு மட்டும்தான். டேட்டா உள்ள பழைய டிஸ்க்கை மாட்டி, இனிஷியலைஸ் என்றோ ஃபார்மட் என்றோ விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். விண்டோஸுக்கு அந்த டிஸ்க்கைப் படிக்கத் தெரியவில்லை, அதனால்தான் கேட்கிறது. டிஸ்க் காலி என்று அதற்கு அர்த்தம் இல்லை.

1 டெரா வாங்கினால் 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? — கும்பகோணம்

இல்லை. கம்பெனி ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 2 டெரா என்றால் 1860 சொச்சம் காட்டும்.

4 டெரா டிஸ்க்கில் 2 டெராதான் பயன்படுகிறது. மீதி ‘அன்அலோகேட்டட்’ என்று கிடக்கிறது, அதில் எதுவும் செய்ய முடியவில்லை. — திருச்சி

எம்பிஆர் என்ற பழைய முறையில் இனிஷியலைஸ் செய்திருக்கிறீர்கள். அந்த முறையால் சுமார் 2 டெராவுக்கு மேல் எண்ண முடியாது. ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக மாற்றினால் அதில் உள்ள பார்ட்டிஷன்களை முதலில் நீக்கச் சொல்லும், டேட்டா மொத்தமும் போகும். இருப்பதை வேறிடத்தில் காப்பி செய்து, திறந்து பார்த்துச் சரிபார்த்த பிறகு மாற்றுங்கள்.

புது டிஸ்க் போட்டதில் இருந்து கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்? — ஊர் எழுதவில்லை

‘வேலை செய்யவில்லை’ என்றால் ஃபேனே சுற்றவில்லையா, ஃபேன் சுற்றித் திரை கறுப்பா, விண்டோஸ் பாதியில் நிற்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு. முதலில் பவரை அணைத்து, சுவரில் இருந்து ஒயரைப் பிடுங்கி, புது டிஸ்க்கின் இரண்டு கேபிளையும் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். விண்டோஸ் ஏறினால், பெரும்பாலும் பூட் வரிசை (எந்த டிஸ்க்கில் முதலில் விண்டோஸைத் தேடுவது என்பது) மாறியிருக்கும். பூட் டிவைஸ் இல்லை என்று திரையில் வந்திருந்தால் அதுவேதான். பயாஸில் போய் விண்டோஸ் உள்ள டிஸ்க்கை முதலில் வையுங்கள். கழற்றியும் ஏறவில்லை என்றால், உள்ளே கை வைத்தபோது ராம் அசைந்திருக்கலாம், வேறு ஏதாவது கேபிள் கழன்றிருக்கலாம். அதுவும் இல்லை என்றால் மேலே கேட்ட விவரங்களோடு மறுபடி எழுதுங்கள்.

எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸ் போட்டேன், நன்றாக ஓடியது. பழைய 500 ஜிபி டிஸ்க் இனி வேண்டாம் என்று கழற்றியதும் சிஸ்டம் பூட் ஆக மறுக்கிறது. விண்டோஸ் எஸ்எஸ்டியில்தானே இருக்கிறது? — சேலம்

விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது, அதை எழுப்பும் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் இருக்கின்றன. இன்ஸ்டால் செய்யும்போது இரண்டும் மாட்டியிருந்தால் இப்படி ஆகும். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் ஃபைல்களுக்கான சிறு பகுதி) இருக்க, விண்டோஸ் செட்டப் அதையே பயன்படுத்திக்கொள்கிறது. எஸ்எஸ்டியில் 100 முதல் 300 எம்பி வரை ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, பிசிடிபூட் கட்டளையால் பூட் ஃபைல்களை அதில் எழுதலாம். கட்டளைத் திரை பழக்கம் இல்லை என்றால், பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி மறுபடி விண்டோஸ் போடுவது சுலபம்.

எத்தனை முறை சொன்னாலும் போதாது: விண்டோஸ் போடும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வையுங்கள்.

2 டெரா டிஸ்க் புதிதாக மாட்டி, சி டிரைவில் இருந்த குடும்பப் படங்கள், கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டேன். பேக்கப் ஆகிவிட்டது. இனி சியை ஃபார்மட் அடித்து விண்டோஸ் போடலாம் அல்லவா? — மதுரை

போடாதீர்கள். இந்தக் கடிதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே நம்பிக்கையில் படங்களை இழந்தவர்களின் கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன.

‘மாற்றிவிட்டேன்’ என்கிறீர்கள். கட் செய்து பேஸ்ட் செய்திருந்தால் உங்களிடம் முன்பும் ஒரு பிரதிதான், இப்போதும் ஒரு பிரதிதான். இடம் மட்டும் மாறியிருக்கிறது. ஒரே பிரதிக்குப் பேக்கப் என்று பெயர் கிடையாது. அது புது டிஸ்க்கில் இருப்பதும் பாதுகாப்பு இல்லை. டிஸ்க்குகள் வயதாகித்தான் போகும் என்று இல்லை, வாங்கிய சில வாரங்களிலேயே போவதும் உண்டு.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். விண்டோஸ் கெட்டுப்போனால் சர்வீஸுக்கு வருபவர் சியை மட்டும் ஃபார்மட் அடிப்பார், டியில் இருந்தது தப்பிக்கும். அதனால் ‘டியில் வைத்தால் பத்திரம்’ என்ற பழக்கம் வீட்டுக்கு வீடு ஊறிப்போய்விட்டது. டி தப்பித்தது ஃபார்மட்டில் இருந்து மட்டும்தான். கடைகளில் இன்றும் ‘இன்னொரு டிஸ்க் போட்டுக்குங்க, பேக்கப்புக்கு ஆச்சு’ என்று சொல்லி விற்கிறார்கள். விற்பவர் அப்படிச் சொல்லக் கூடாது. நம்பி வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

ஒரே கேபினட்டுக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே எஸ்எம்பிஎஸ்தான் மின்சாரம் தருகிறது. அது கெட்டு 12 வோல்ட் கம்பியில் அளவுக்கு மீறி வந்தால் இரண்டு சர்க்யூட் போர்டும் சேர்ந்தே போகும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை போன்ற ரான்சம்வேர் (பணம் பறிக்கும் நிரல்), மாட்டியிருக்கும் எல்லா டிரைவிலும் உள்ள ஃபைல்களைப் பூட்டிவிடும். சி, டி, இ எதையும் விடாது. திருடன் கேபினட்டைத்தான் தூக்கிக்கொண்டு போவான். 2015 டிசம்பரில் சென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, தரையில் இருந்த கேபினட்டில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் எல்லாம் நனைந்ததுதான். ‘ரெய்டு 1 போட்டிருக்கிறேன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டாவை எழுதும் முறை. ஒரு டிஸ்க் நின்றால் வேலை நிற்காமல் இருக்க உதவும். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

வாரன்டி இருக்கிறதே என்றும் நினைக்க வேண்டாம். வாரன்டி டிஸ்க்குக்கு மட்டும். உள்ளே இருந்த டேட்டாவுக்கு யாரும் பொறுப்பு ஏற்பதில்லை. புது டிஸ்க் வேண்டும் என்றால் பழையதை ஒப்படைக்கவும் வேண்டும்.

சரி, என்ன செய்வது? ஒரு யுஎஸ்பி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். படங்களை அதில் காப்பி செய்யுங்கள், கட் செய்யாதீர்கள். அங்கங்கே பத்துப் பதினைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். கல்யாண வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள், பாதியில் நின்ற காப்பி அப்போதுதான் தெரியும். பிறகு கழற்றி பீரோவில் வையுங்கள். முடிந்தால் முக்கியமானவற்றை இன்னொரு பிரதியாக அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு சியை ஃபார்மட் அடியுங்கள், அப்போதும் படங்கள் உள்ள டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு. விண்டோஸ் செட்டப் திரையில் சி, டி என்று எழுத்து வராது. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் வரும். தப்பான டிஸ்க்கை அழிப்பது அங்கேதான்.

என்விஎம்இ எஸ்எஸ்டியை எம்.2 ஸ்லாட்டில் போட்டதும் பழைய சாட்டா டிஸ்க் காணாமல் போய்விட்டது. — கொழும்பு

பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் (எஸ்எஸ்டியை நேரே செருகும் இடம்) ஏதாவது ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டும் (டிஸ்க் கேபிளைச் செருகும் இடம்) ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றது அணைந்துவிடும். எந்த போர்ட் என்பது போர்டின் மேனுவலில் அட்டவணையாக இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

புது டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுகிறது, நடுநடுவே மறைந்து மறுபடி வருகிறது. சாட்டா பவர் கனெக்டர் மீதம் இல்லாததால், பழைய நாலு பின் கனெக்டரில் ஒரு கன்வெர்ட்டர் போட்டு மாட்டியிருக்கிறேன். — நாகர்கோவில்

முதலில் அந்தக் கன்வெர்ட்டரைக் கழற்றுங்கள். சாட்டா முனை முழுக்க வார்த்த பிளாஸ்டிக்காக இருக்கும் மலிவு ரகத்தில், உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. கன்வெர்ட்டர்தான் வழி என்றால், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கனெக்டரில் அழுத்திப் பொருத்தப்பட்ட ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. மூன்றரை அங்குல டிஸ்க் சுற்றத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், கிட்டத்தட்ட 25 வாட். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் ஸ்டிக்கரில் 450 வாட் என்று இருந்தாலும் நம்பாதீர்கள். நண்பர் வீட்டு சிஸ்டத்தில் நேரடி சாட்டா பவரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் டிக் டிக் என்றால் டிஸ்க் போய்விட்டது, வாரன்டிக்கு அனுப்புங்கள்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சி7 எண்ணிக்கை 40 காட்டுகிறது. டிஸ்க்கை மாற்ற வேண்டுமா? — புதுச்சேரி

அந்த நிரல் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டுவது. அதில் சி7 என்ற வரி கேபிள் கோளாறைக் காட்டுவது. சாட்டா கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை குறையாது, மேலே ஏறாமல் இருந்தால் போதும். சி5, சி6 வரிகளில் (டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்களின் எண்ணிக்கை) பூஜ்யத்துக்கு மேல் வந்தால் கவலைப்படுங்கள். அன்றைக்கே காப்பி எடுத்துவிட வேண்டும்.

கொஞ்ச நேரம் தொடாமல் இருந்துவிட்டு டி டிரைவைத் திறந்தால் ஐந்தாறு நொடி எல்லாம் உறைந்து நிற்கிறது. — கோவை

20 நிமிடம் சும்மா இருந்தால் டிஸ்க்கை நிறுத்திவிடும் வழக்கமான அமைப்பு அது. பவர் ஆப்ஷன்ஸில் ஹார்டு டிஸ்க் நேரத்தைப் பூஜ்யமாக்குங்கள்.

டிஸ்க் தெரியவில்லை என்று பயாஸில் ஏதேதோ மாற்றினேன். இப்போது பிட்லாக்கர் கீ கேட்கிறது. நான் பிட்லாக்கர் போடவே இல்லை. — சிங்கப்பூர்

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. புது விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பல கணினிகளில் அது தானாக இயங்கிவிடுகிறது. போனில் அதே கணக்கில் நுழைந்து ரெக்கவரி கீ பக்கத்தைப் பாருங்கள், 48 இலக்க எண் இருக்கும். என்ன மாற்றினோம் என்று குறித்துக்கொள்ளாமல் பயாஸில் கை வைக்காதீர்கள். முன்பு இருந்தபடியே எல்லாவற்றையும் திருப்பி வைத்தால் சில நேரம் கீ கேட்காமலே ஏறும்.

2005 வாக்கில் வாங்கிய சிஸ்டத்தின் 80 ஜிபி டிஸ்க் இருக்கிறது. அகலமான கேபிள், 40 பின். புது போர்டில் மாட்ட இடமே இல்லை. அப்பாவின் படங்கள் அதில் உள்ளன. — திருநெல்வேலி

அது சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ வகை டிஸ்க். யுஎஸ்பிக்கு மாற்றும் கன்வெர்ட்டர் கிடைக்கும். தனி பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள், யுஎஸ்பி மின்சாரம் அந்த டிஸ்க்குக்குப் போதாது. பின்பக்கம் பவர் கனெக்டருக்கும் கேபிள் பின்களுக்கும் நடுவே ஒரு குட்டி ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் மூடி) இருக்கும். அது ஸ்லேவில் (இரண்டாவது டிஸ்க் என்ற அமைப்பில்) இருந்தால் பல கன்வெர்ட்டர்களில் டிஸ்க் தெரியாது. டிஸ்க் லேபிளில் உள்ள படத்தைப் பார்த்து மாஸ்டருக்கு மாற்றுங்கள். ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் கேன்சல். ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் கன்டினியூ கொடுங்கள், அது பழைய விண்டோஸ் பயனர் கணக்கின் பூட்டுதான். வேறு எதையும் பார்ப்பதற்கு முன் படங்கள் உள்ள ஃபோல்டரைக் காப்பி போடுங்கள். ஒரு ஃபைலில் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.