கடினமான பள்ளியில் 3.6 எடுத்தால் கல்லூரி எப்படிப் பார்க்கும்?

உங்கள் மகனின் 3.6 ஜிபிஏவை (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) பக்கத்துப் பள்ளிப் பையனின் 3.9-உடன் அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில்லை. அவன் பள்ளிக்குள் அவன் எங்கே நிற்கிறான் என்றுதான் பார்ப்பார்கள்.

அதற்கு உதவுவது ஸ்கூல் ப்ரொஃபைல். மதிப்பெண் பட்டியலோடு கவுன்சிலர் அனுப்பும் ஓரிரு பக்கத் தாள். அந்தப் பள்ளியில் எத்தனை ஏபி பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) உண்டு, ஹானர்ஸ் எனப்படும் கடினமான பாடத்துக்குக் கூடுதல் புள்ளி தருகிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். என் மகளின் பள்ளித் தாளில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது: 3.5-க்கு மேல் எத்தனை சதவீதம் பேர், 3.0-க்கு மேல் எத்தனை பேர் என்று. அவளுடைய பி ப்ளஸின் மதிப்பு அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

அந்த 3.9 வெயிட்டட் கணக்காக, அதாவது கடினமான பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி சேர்த்ததாக இருக்கலாம். உங்கள் மகனுடையது அப்படிச் சேர்க்காத அன்வெயிட்டட் என்றால் ஒப்பிடுவதே தவறு. பல கல்லூரிகள் தங்கள் முறையில் மறுபடி கணக்கிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கிரேடில் வரும் ப்ளஸ், மைனஸைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பள்ளியின் இணையதளத்தில் அந்தத் தாளைத் தேடுங்கள், இல்லாவிட்டால் கவுன்சிலரிடம் கேளுங்கள். பதினைந்து ஏபி இருக்கும் இடத்தில் அவன் இரண்டுதான் எடுத்திருக்கிறான் என்றால், கடினமான பள்ளி என்பது பெரிதாகக் கைகொடுக்காது.

அப்புறம், நீங்கள் டெக்சாஸில் இருந்தால் கதை வேறு. 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பள்ளித் தரவரிசையில் முதல் 10 சதவீதத்தினருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் 2026 இலையுதிர்காலச் சேர்க்கை முதல் அது 5 சதவீதம். அந்த வரிசையில் பள்ளியின் கடினம் எடுபடாது.