மருத்துவ உளவியல் பேராசிரியரின் பின்னணியில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: கொழும்பில் மருத்துவ உளவியலில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். மேற்பார்வையாளராக வரக்கூடிய பேராசிரியரின் கல்விப் பின்னணியையும் ஆய்வு ஆர்வங்களையும் எப்படி வாசிப்பது? வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றவரிடம் போவதுதான் நல்லதா?

பதில்:

உங்கள் கேள்வியின் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். இளமாணிப் பட்டம் கையில் வந்திருக்கும். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் மாமா ஒருவர் தொலைபேசியில், "எந்த யூனிவர்சிட்டியில் படித்தவர் என்று முதலில் பார்" என்று சொல்லியிருப்பார். என் வீட்டிலும் இதுதான் நடந்தது. நான் உள்ளூரில் படித்த பேராசிரியை ஒருவரிடம் போனேன். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதற்கு விளக்கம் கேட்கிறார்கள், நானும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பின்னணியை வாசிக்கும்போது பட்டங்களை எண்ண வேண்டாம். அவர் நோயாளிகளோடு எங்கே உட்கார்ந்தார், யாருடைய மேற்பார்வையில் உட்கார்ந்தார் என்று தேடுங்கள். 1949இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் நடந்த மாநாட்டில், மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் பயிற்சி பெற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். இந்தத் துறையின் பயிற்சியில் பெரும்பகுதி இன்றும் அந்த இரட்டை எதிர்பார்ப்பின் மேல்தான் நிற்கிறது. உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற எல்லோரும் மருத்துவ உளவியலாளர்கள் ஆகிவிடுவதில்லை. ஒருவர் சமூக உளவியலில் செய்திருக்கலாம், இன்னொருவர் நிறுவன உளவியலில் செய்திருக்கலாம். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மனச்சோர்வு உள்ள ஒருவரை எப்படி மதிப்பிடுவது, எப்போது மருத்துவமனைக்கு அனுப்புவது என்று கற்க விரும்பும் மாணவிக்கு அந்தப் பட்டங்கள் போதாது.

நம் நாட்டில் இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. உளமருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, அதன்பின் உளமருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர்; மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. இங்கே அவருக்கான பாதையில் முக்கியமானது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் முதுதத்துவமாணிப் பட்டம். இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். சில வாரப் பயிற்சியோடு உளவளத்துணையாளர் பலகை மாட்டியவர்களையும் இவர்களையும் நம் ஆட்கள் ஒரே தராசில் வைத்துவிடுகிறார்கள்.

இனி ஆய்வு ஆர்வங்கள். நான் தெரிவு செய்ய வேண்டியிருந்த இருவரில் ஒருவருடைய ஆர்வப் பட்டியல் ஒரு பக்கம் நீண்டது. போர் வடு, தியானம், பணியிட அழுத்தம், இளைஞரும் கைத்தொலைபேசியும், மகிழ்ச்சி என்று எதுவும் விடுபடவில்லை. அவருடைய பட்டம் வெளிநாட்டுப் பட்டம். எங்கள் பேராசிரியையின் குறிப்பில் இருந்தது ஒரே வரி: துயரும் இழப்பும், குறிப்பாகக் காணாமற்போனோரின் குடும்பங்கள். அவர் அரசாங்க மருத்துவமனை உளமருத்துவப் பிரிவில் பல காலம் வேலை செய்தவர், கலாநிதிப் பட்டத்தை வேலை செய்துகொண்டே முடித்தவர். கட்டுரைகள் அதிகமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் முந்தியது விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அந்தத் தொடர்ச்சியைப் பார்த்துத்தான் நான் அவரிடம் போனேன்.

அதன் பெறுமதி வேலையில் இறங்கியபோது தெரிந்தது. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வெள்ளவத்தைப் பகுதிகளில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தாய்மாரைத் தமிழில் நேர்காண்பது என் பொறுப்பு. கையிலிருந்தது உலகமெங்கும் பயன்படும் வகையான ஒரு துயர மதிப்பீட்டுப் படிவம். மன்னாரிலிருந்து வந்து மட்டக்குளியில் மகளோடு வசித்த ஓர் அம்மாவிடம், மரணம் நிகழ்ந்து எவ்வளவு காலம் என்ற கேள்வியை வாசித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "யாருடைய மரணம் பிள்ளை?" என்று கேட்டார். அவருடைய மகன் காணாமற்போனவன். அவர் அவனை இறந்தவன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. படிவத்தை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் தேநீர் கொண்டுவந்தாள். கடைசிவரை அந்தப் படிவத்தை நான் மீண்டும் திறக்கவில்லை.

அன்று மாலையே பேராசிரியையிடம் சொன்னேன். வேறொருவர் என்றால், நேர்காணல் பூர்த்தியாகவில்லை, அதை நீக்கிவிடு என்று முடித்திருப்பார். இவர், "மேடம், படிவத்தில் அவருக்கு இடமே இல்லை" என்று நான் சொன்னதும் எழுந்து அலமாரியிலிருந்து பழைய குறிப்பேடுகளை எடுத்தார். மருத்துவமனைக் காலத்தில் இதே பதிலைப் பல தாய்மாரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தார். அந்த வாரமே வேலையை நிறுத்தி, கேள்விகளை மாற்றி எழுதி, ஒழுக்கநெறிக் குழுவிடம் மீண்டும் அனுமதிக்கு அனுப்பினார். நிதி தந்தவர்களுக்குத் தாமதம் பிடிக்கவில்லை. அவர் அசையவில்லை.

இது ஒரு படிவத்தோடு முடிகிற சிக்கல் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, நீடித்த துயரக் கோளாறு அதில் தனி நோயாக இடம்பெற்றது. அதே ஆண்டு அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் திருத்திய பதிப்பிலும் சேர்ந்தது. முன்னதில் குறைந்தது ஆறு மாதங்கள், பின்னதில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதங்கள் கடந்திருக்க வேண்டும். இரண்டும் தொடங்கும் புள்ளி நெருங்கிய ஒருவரின் மரணம். மரணம் உறுதியாகாத வீட்டில் அந்தக் கணக்கை எந்த நாளிலிருந்து தொடங்குவது? போலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, இதைத் தெளிவற்ற இழப்பு என்று தனியாக வகுத்தார். எங்கள் பேராசிரியை அவருடைய எழுத்துகளை எங்களுக்கு முதல் வாரத்திலேயே வாசிக்கத் தந்திருந்தார். காணாமற்போனோர் அலுவலகம் ஒன்றையே சட்டமியற்றி அமைத்த நாட்டில் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்தவர் அவர். அவருக்கு எந்த லண்டன் பட்டம் வேண்டும்?

யாராவது வந்து, அப்படியானால் வெளிநாட்டுப் படிப்பே வீணா என்று கேட்பார்கள். அப்படி நான் சொல்லவில்லை. அங்கே பயிற்சி பெற்றுத் திரும்பி, இங்கே நோயாளிகளோடு வேலை செய்கிற அருமையான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆர்வம் மாறுவதும் குற்றமில்லை. ஆரோன் பெக் என்ற அமெரிக்க உளமருத்துவர் மனச்சோர்வு நோயாளிகளின் கனவுகளை ஆராயத் தொடங்கியபோது, உள்நோக்கித் திரும்பிய கோபம்தான் மனச்சோர்வு என்ற உளப்பகுப்பாய்வுக் கருத்தை நிரூபிக்கத்தான் விரும்பினார். கனவுகளில் அவர் கண்டதோ தோல்வியும் இழப்பும். அங்கிருந்து 1960களில், நோயாளியின் எண்ணங்களைச் சோதித்து மாற்ற உதவும் அறிகைச் சிகிச்சைக்குப் போனார். தரவு திருப்பியதால் அவர் திரும்பினார். நிதி எந்தத் தலைப்புக்கு வருகிறதோ அந்தப் பக்கம் திரும்புகிறவர்களைத்தான் நான் குறை சொல்கிறேன். ஒரு பேராசிரியரின் பழைய கட்டுரைகளை வரிசைப்படி வாசித்தால் அவர் எந்த வகை என்று விளங்கிவிடும்.

இதோடு சேர்ந்த ஒரு மனவருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனையோ வெளிநாட்டுக் குழுக்கள் கிழக்குக் கரைக்கு வந்து போயின. இன்றும் வருகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள்தான் வீடுவீடாகப் போய்க் கேட்கிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள், அழுகிறவருக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். கட்டுரை வெளிவரும்போது அவர்களுடைய பெயர் இருக்காது. நானும் அப்படி ஒரு குழுவுக்கு வேலை செய்திருக்கிறேன். நேர்காணலுக்கு இவ்வளவு என்று கூலி தந்தார்கள், நன்றி சொல்லும் பகுதியில்கூட எங்கள் பெயர் வரவில்லை. கேட்டபோது, தரவு சேகரிப்பு அறிவுப் பங்களிப்பு ஆகாது என்றார்கள். ஒரு தாய் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவார், அதற்கு மேல் கேட்கலாமா கூடாதா என்று வாசற்படியில் நின்று தீர்மானித்தவர்கள் நாங்கள். அது அறிவு இல்லாமல் வேறென்ன?

ஆகவே நீங்கள் மின்னஞ்சல் எழுதும்போது இரண்டு விடயங்களை நேரடியாகக் கேளுங்கள்: அவருடைய முன்னைய மாணவர்களின் பெயர் கட்டுரைகளில் வந்திருக்கிறதா, இப்போதும் நோயாளிகளைப் பார்க்கிறாரா. இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வீட்டில் சொல்வார்கள். நல்ல பேராசிரியர் கோபிக்கமாட்டார். அவருடைய கட்டுரை ஒன்றை முழுதாக வாசித்து, அதில் உங்களுக்கு விளங்காத ஓர் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். மேலே நான் சொன்ன இருவருக்கும் அப்படித்தான் எழுதினேன். ஒருவர் தன் விண்ணப்பப் படிவத்தை அனுப்பினார். மற்றவர் விளங்காத அந்த இடத்துக்கு விளக்கம் எழுதி, "வியாழக்கிழமை கிளினிக் முடிய வாருங்கள், பேசுவோம்" என்றார்.